தண்ணி அடிப்பது: ஒரு பேச்சுவழக்குச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழைப் புதிதாகக் கற்பவர்களும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பத் தடுமாறும் சொல் இது. அகராதியைப் புரட்டினால் தண்ணிக்கு நீர் என்றும் அடிக்கு உதை என்றும்தான் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது, யார் யாரிடம் அப்படிச் சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்பதையெல்லாம் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

‘தண்ணி அடிப்பது’ என்றால் என்ன?

மது குடிப்பது. பிராந்தி, விஸ்கி, ரம், பீர் என்று எதைக் குடித்தாலும் இது பொருந்தும். ‘நேத்து ராத்திரி தண்ணி அடிச்சோம்’ என்றால் நேற்று இரவு சேர்ந்து மது குடித்தோம் என்று பொருள். கள்ளுக்கு மட்டும் பெரும்பாலும் ‘கள்ளு குடிச்சான்’ என்று பெயரைச் சொல்லியே பேசுகிறோம்.

தண்ணீருக்கு மது என்ற பொருள் எப்படி வந்தது?

இதை மறைப்புச் சொல் என்று சொல்லலாம். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்றுக்கு, யாரும் தப்பாக நினைக்க முடியாத ஒன்றின் பெயரைக் கொடுத்துவிடுவது. பாம்பை இரவில் பெயர் சொல்லாமல் ‘பூச்சி’ என்பது போலத்தான். ‘தீர்த்தம்’ என்று சொல்வதும் இதே வழியில் வந்ததுதான். நண்பர்கள் கூடிக் குடிப்பதைத் ‘தீர்த்தவாரி’ என்பார்கள். தீர்த்தவாரி என்பது உண்மையில் கோயில் திருவிழாவில் சுவாமியை நீராட்டும் நிகழ்ச்சி.

தண்ணீர் என்ற சொல்லே ஒருமுறை பொருள் மாறி வந்ததுதான். தண் என்றால் குளிர்ச்சி, ஆகவே தண்ணீர் முதலில் குளிர்ந்த நீரை மட்டும் குறித்தது. நாளடைவில் எல்லா நீருக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதனால்தான் ‘சுடுதண்ணி’ என்று, சுடுகிற குளிர்நீர் என்று பொருள்படும் ஒரு சொல்லை யாருக்கும் எதுவும் உறுத்தாமல் தினமும் சொல்கிறோம். அப்படி விரிந்து கொடுக்கும் சொல்லுக்குள் மதுவும் நுழைந்துகொண்டதில் வியப்பில்லை.

அது சரி, ஏன் ‘அடி’? குடிக்கத்தானே செய்கிறார்கள்?

எனக்கு இந்தச் சொற்றொடரில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பொருளை மாற்றுவது தண்ணி அல்ல, அடி. ‘தண்ணி குடிச்சான்’ என்றால் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தான், அவ்வளவுதான். வினையை மாற்றி ‘தண்ணி அடிச்சான்’ என்றதும் ஆள் எங்கே போய்விட்டு வந்தான் என்பதே வேறாகிவிடுகிறது.

அடி என்ற வினையைத் தமிழ் எத்தனை இடத்தில் வேலை வாங்குகிறது என்று பாருங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது, பெயின்ட் அடிக்கிறோம், பழனியில் மொட்டை அடிக்கிறோம். இவை ஒரு வகை. இன்னொரு வகை இருக்கிறது: சைட் அடிப்பது, தம் அடிப்பது, அரட்டை அடிப்பது, பிட் அடிப்பது, காப்பி அடிப்பது, வகுப்பைக் கட் அடிப்பது. இந்த இரண்டாம் வகையில் உள்ள எதையும் பெரியவர்கள் பார்க்கச் செய்ய மாட்டோம். வாத்தியாருக்கும் அப்பாவுக்கும் தெரியாமல், கூட்டாளிகளோடு சேர்ந்து செய்கிற காரியங்கள் இவை. தண்ணி அடிப்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதே காரணத்தால் டீயையும் அடிக்கலாம். ‘வாடா, ஒரு டீ அடிச்சுட்டு வரலாம்’ என்று நண்பனைக் கூப்பிடுகிறோம். அங்கே டீயைவிடத் தெருமுனையில் நின்று பேசுவதுதான் முக்கியம். வீட்டில் அம்மா போட்டுக் கொடுக்கும் டீயை யாரும் அடிப்பதில்லை, குடிக்கிறோம். மோரையும் பாலையும் யாரும் அடித்ததில்லை.

என் அக்கா மகள் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மாவிடம் தமிழ் கற்றுக்கொண்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கல்யாண வீட்டில் ‘டீ அடிக்கலாம்’ என்று பையன்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். வெயிலில் அலைந்துவிட்டு வந்தவள் பந்தியில் இருந்த பெரியப்பாவிடம் போய், ‘பெரியப்பா, ரொம்ப வெக்கையா இருக்கு, கொஞ்சம் தண்ணி அடிக்கணும்’ என்றாள். பதினான்கு வயதுப் பெண். பெரியப்பா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். டீக்கும் தண்ணிக்கும் நடுவே இப்படி ஒரு பள்ளம் இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

பம்பில் தண்ணி அடிப்பதையும் இப்படித்தானே சொல்கிறோம்?

ஆமாம். அடிபம்பில் கைப்பிடியை இறக்கி ஏற்றித் தண்ணீர் எடுப்பதும் தண்ணி அடிப்பதுதான். ‘ரெண்டு குடம் தண்ணி அடிச்சுட்டு வா’ என்று அம்மா மகனை அனுப்பினால் யாருக்கும் சந்தேகம் வராது, குடம் சொல்லிவிடுகிறது. பம்பு, குடம், தெரு, காலை நேரம் இருந்தால் நீர். நண்பர்கள், இரவு, சம்பள நாள் இருந்தால் மது. சூழலைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியதுதான்.

‘தண்ணி போடுவது’, ‘தண்ணியில் இருப்பது’ எல்லாம் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட. ஆனால் சாய்வு வேறு. ‘அடிச்சோம்’ என்பது பெரும்பாலும் சொல்பவர் தன்னையும் சேர்த்துச் சொல்வது, அதில் கூட்டும் கொண்டாட்டமும் இருக்கும். ‘தண்ணியப் போட்டுட்டு வந்து கத்துறான்’ என்பது பக்கத்து வீட்டார் சொல்வது. போடு என்ற வினையில் பழியும் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். ‘தண்ணில இருக்கான், இப்ப பேசாத’ என்பது அந்த நேரத்து நிலை. ‘தண்ணி வண்டி’ என்பது ஆளுக்கு வைத்த பட்டப்பெயர், எப்போதும் குடிப்பவர் என்று பொருள். ‘தண்ணி பார்ட்டி’ என்பது ஆளையும் குறிக்கும், விருந்தையும் குறிக்கும்.

தண்ணி வருகிற எல்லா மரபுத்தொடரும் மதுவைப் பற்றியதா?

இல்லை, பலர் வழுக்கி விழும் இடம் இது. ‘தண்ணி காட்டிட்டான்’ என்றால் அலையவிட்டு ஏமாற்றினான் என்று பொருள். ‘தண்ணி தெளிச்சு விட்டாச்சு’ என்றால் இனி இவன் திருந்த மாட்டான் என்று கைகழுவிவிட்டோம். ‘தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவாங்க’ என்பது அரசு ஊழியர்கள் அஞ்சும் இடமாற்றம். ‘அவனுக்கு கணக்கு தண்ணி பட்ட பாடு’ என்றால் கணக்கு அவனுக்கு மிக எளிது. இவை எதிலும் ஒரு சொட்டு மதுவும் கிடையாது.

யாரிடம் இதைச் சொல்லலாம், யாரிடம் கூடாது?

மச்சான், மாப்ள, பங்காளி என்று கூப்பிட்டுக்கொள்ளும் வயதொத்தவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். மூத்தவர்களிடமும் மேலதிகாரியிடமும் கூடாது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. தமிழில் பொதுவாக ‘ங்க’ சேர்த்தால் மரியாதை வந்துவிடும். இந்தச் சொல்லுக்கு அது போதாது. ‘சார், நீங்க தண்ணி அடிப்பீங்களா?’ என்பதில் ‘சார்’ இருக்கிறது, ‘நீங்க’ இருக்கிறது, இருந்தும் கேட்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். சொல்லே கீழிறங்கிய சொல் என்பதால் விகுதி அதைத் தூக்கி நிறுத்த முடியாது.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது அது தோழமை, எதிரில் இருப்பவரைப் பற்றிச் சொன்னால் குற்றச்சாட்டு. ‘அப்பா, நீங்க தண்ணி அடிச்சிருக்கீங்களா?’ என்று ஒரு மகள் வாசலில் நின்று கேட்டால் அது கேள்வியே அல்ல.

அப்போது மரியாதையாக எப்படிக் கேட்பது?

‘சாப்பிடுவீங்களா?’ என்று. ஆமாம், சோற்றுக்குச் சொல்லும் அதே சொல்தான். ‘அண்ணன் சாப்பிடுவாரா?’ என்று குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நாலு விரலை மடக்கி, கட்டைவிரலை வாய்ப் பக்கம் சாய்த்துக் காட்டினால் கேள்வி மதுவைப் பற்றியது. கை பேசாவிட்டால் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியாகவே நின்றுவிடும். ‘ட்ரிங்ஸ் சாப்பிடுவீங்களா’ என்றும் சொல்வார்கள்.

மதுவைச் ‘சாப்பிடுவது’ புதியவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் மதுவுக்கு உணவின் வினையைத் தருவது தமிழில் மிகப் பழைய வழக்கம். திருக்குறளின் 93ஆம் அதிகாரத்துக்குப் பெயர் கள்ளுண்ணாமை. அங்கே கள்ளை யாரும் குடிப்பதில்லை, உண்கிறார்கள். உண் போய்ச் சாப்பிடு வந்திருக்கிறது, வழி அதேதான்.

மதுவுக்குப் பழந்தமிழில் வேறு என்ன சொற்கள் இருந்தன?

கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி என்று பல. தேறல் என்பது தெளிந்த கள். நறவில் நறுமணத்தின் ‘நறு’ இருக்கிறது. இப்படிப்பட்ட பெயர்கள் அந்தப் பானம் எப்படி இருந்தது என்பதைச் சொல்கின்றன. இன்று நாம் வைத்திருக்கும் பெயர்கள் அது என்ன என்பதை மறைக்கவே பார்க்கின்றன. அந்தக் கூச்சம் சங்கப் பாடல்களில் இல்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு, ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று தொடங்குகிறது. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து மகிழ்ந்து உண்பான் என்கிறார். ஒரு புலவர், அதுவும் ஒரு பெண், செத்துப்போன நண்பனை நினைத்து அழும்போது முதலில் நினைவுக்கு வருவது அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதம். எத்தனை முறை படித்தாலும் அந்த முதல் வரியில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தப் பாட்டில் வரும் ‘மகிழ்ந்து’ என்பதையும் கவனியுங்கள். மகிழ் என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் கள்ளால் வரும் களிப்பு என்ற பொருளும் உண்டு. இன்று குழந்தையின் பிறந்தநாளுக்கு ‘மகிழ்ச்சி’ என்று வாழ்த்துகிறோம்.

‘சரக்கு’ என்பதும் இதே பொருள்தானா?

தண்ணி என்பது பெரும்பாலும் செயலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சரக்கு பொருளைக் குறிக்கும். ‘தண்ணி அடிக்கலாம், சரக்கு யார் வாங்குறது?’ என்ற ஒரே வாக்கியத்தில் வேறுபாடு விளங்கிவிடும். ‘சரக்கடிப்பது’ என்றும் சொல்வதுண்டு.

சரக்கு நல்ல பழைய வணிகச் சொல். மளிகைச் சரக்கு, சரக்கு ரயில், சித்த மருந்தில் சேரும் சரக்கு. ஒருவருக்கு விஷயம் தெரியும் என்றால் ‘அவர்கிட்ட சரக்கு இருக்கு’ என்கிறோம். 2017இல் வந்த வரிக்குத் தமிழில் சரக்கு மற்றும் சேவை வரி என்று பெயர். மனிதர் அருந்தும் மது அந்த வரிக்குள் வராது, மாநில அரசின் வரிதான் அதற்கு. அதாவது பேச்சில் ‘சரக்கு’ என்றாலே எது நினைவுக்கு வருகிறதோ அதற்குச் சரக்கு வரி இல்லை.

சாராயம் என்பது வேறு. காய்ச்சி வடித்தது அது. கள்ளச்சாராயம் என்பதில் உள்ள ‘கள்ள’ கள்ளிலிருந்து வந்ததல்ல, களவிலிருந்து வந்தது, திருட்டுத்தனமாகக் காய்ச்சியது என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள் வேறு, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த, மெத்தனால் கலந்த சாராயம் வேறு. அந்தச் செய்தியை யாரும் ‘தண்ணி அடிச்சு செத்தாங்க’ என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மறைப்புச் சொல் வாயில் வராது.

குவார்ட்டர், ஆஃப், ஃபுல், கட்டிங்?

அளவுகள். ஃபுல் 750 மி.லி., ஆஃப் 375, குவார்ட்டர் 180. கட்டிங் என்பது ஒரு குவார்ட்டரை இருவர் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வது, ஆளுக்கு 90 மி.லி. கையில் முழுக் காசு இல்லாதவர் கடை வாசலில் முன்பின் தெரியாதவரிடம் ‘அண்ணே, கட்டிங் போடலாமா?’ என்று கேட்பார். எதையும் கலக்காமல் குடித்தால் ‘ராவா’ அடித்தது. ஒரே மூச்சில் இறக்கினால் ‘கல்ப்’.

மப்பு, மட்டை?

மப்பு என்றால் போதை. மழை மேகம் மூடிக்கொண்டிருப்பதை ‘மப்பும் மந்தாரமுமா இருக்கு’ என்போமே, அதே மப்புதான். வானம் மூடிக்கொள்வது போலத் தலை மூடிக்கொள்கிறது. பிறகு போதை ‘தெளிகிறது’. வானமும் அப்படித்தானே தெளியும்? பொருத்தமான உவமை. மட்டை ஆவது என்றால் நினைவில்லாமல் விழுந்து கிடப்பது.

மதுவிலக்குக்கும் இப்படி மறைத்துப் பேசுவதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றுதான் நினைக்கிறேன். 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் விலக்கப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடி கடைகள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் குடிப்பது சட்டப்படி குற்றம். போலீஸ் காதில் விழக்கூடாத ஒன்றுக்குப் பத்துப் பெயர் முளைப்பது இயல்பு.

இன்னொரு பக்கம், கடை திறந்த பிறகும் நாம் அதைச் சரியான பெயரில் சொன்னதில்லை. பிராந்திக்கடை என்றோம், ஒயின்ஷாப் என்றோம். ஒயின் வாங்க அங்கே போனவர் அரிது. டாஸ்மாக் என்பது 1983இல் தொடங்கிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் சுருக்கப் பெயர். 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்ததும் நிறுவனத்தின் பெயரே கடைக்குப் பெயராகிவிட்டது.

இலங்கைத் தமிழிலும் மலேசியத் தமிழிலும் புரியுமா?

புரியும், அங்கும் தண்ணி உண்டு. யாழ்ப்பாணத்தில் போதைக்கு வெறி என்பார்கள். ‘ஆள் நல்ல வெறி’ என்றால் நன்றாகக் குடித்திருக்கிறார் என்று பொருள், கோபமோ கொலைவெறியோ இல்லை. தமிழ்நாட்டுக்காரர் இதைக் கேட்டுப் பயந்துவிடக்கூடாது. அங்கே கள்ளுக்கடைக்குத் தவறணை என்று பெயர், ஓலையில் மடித்த பிளாவில் கள் குடிப்பார்கள். மலேசியாவில் மலிவான சாராயத்தைச் சம்சு என்பார்கள்.

எழுதும்போது ‘தண்ணீர் அடித்தான்’ என்று எழுதலாமா?

கூடாது. தண்ணீர் என்று திருத்தியதும் மது ஆவியாகிவிடும். கதையில் உரையாடலாக வந்தால் ‘தண்ணி அடிச்சான்’ என்றே எழுதுங்கள். செய்தியிலும் கடிதத்திலும் ‘மது அருந்தினார்’, புகாரில் ‘குடித்துவிட்டு’ அல்லது ‘மதுபோதையில்’. வண்டி ஓட்டிய வழக்கு என்றால் சட்டம் சொல்லைப் பார்ப்பதில்லை, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ‘லைட்டாத்தான் சார் அடிச்சேன்’ என்பதற்கு அங்கே அளவு கிடையாது.

பெண் பார்க்கும் இடத்தில் ‘பையனுக்குப் பழக்கம் உண்டா?’ என்று கேட்கிறார்களே, எதைப் பற்றி?

இதைப் பற்றித்தான். வெறுமனே பழக்கம் என்றால் குடியும் புகையும். ‘அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க’ என்ற பதிலும், ‘எப்பவாவது, ஃப்ரெண்ட்ஸோட’ என்ற பதிலும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடாமல் மேலும் விசாரியுங்கள்.

மருத்துவர் கேட்டால் எந்தச் சொல்லில் பதில் சொல்வது?

அளவில் சொல்லுங்கள். எதைக் குடிக்கிறார், தினமும் எத்தனை மி.லி., கடைசியாக எப்போது.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு மாமா கால் முறிந்து அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தார். ‘தண்ணி பழக்கம் உண்டாம்மா?’ என்று கேட்டதற்கு அத்தை, ‘எப்பவாவது போடுவாருங்க’ என்று சொல்லிவிட்டார். அது பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக்கூடாது என்ற பழக்கம். உண்மையில் தினமும் இரண்டு குவார்ட்டர். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மாமாவின் கை கிடுகிடுவென நடுங்கியது. போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், அத்தையையே யார் என்று கேட்டார். நாள்கணக்காக நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி நடுக்கமும், மனக்குழப்பமும், சில சமயம் வலிப்பும் வரும். உயிருக்கே ஆபத்தான நிலை. முன்பே தெரிந்திருந்தால் தடுக்க மருந்து கொடுத்திருப்பார்கள். மாமா பிழைத்துக்கொண்டார். ‘எப்பவாவது’ என்ற ஒரு சொல்லால் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அத்தை இன்றும் சொல்வார்.

குடிகாரன் என்று சொல்வது சரியா?

திட்டுவதற்கு அந்தச் சொல் பயன்படும், உதவுவதற்குப் பயன்படாது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாதவரைக் குடிநோயாளி என்று சொல்லும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நான் அதையே சொல்கிறேன். நோய் என்று பெயர் வைத்தால்தான் சிகிச்சை என்ற எண்ணமே வரும். ‘குடிமகன்’ என்ற கேலியை அவர் வீட்டார் காதுபடச் சொல்லாதீர்கள். குடி என்றால் குடும்பமும்தான். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணம் இல்லை.

தண்ணி அடிக்கக் கூப்பிட்டால் எப்படி மறுப்பது?

‘இன்னிக்கு வேணாம்’ என்று சொன்னால் நாளைக்குக் கூப்பிடுவார்கள். ‘மாத்திரை சாப்பிடுறேன்’ என்றால் எப்போது முடியும் என்று கேட்பார்கள். ‘எனக்குப் பழக்கமில்லைங்க’ என்று சொல்லுங்கள், வயதொத்தவராக இருந்தால் ‘நான் அடிக்கிறதில்ல மச்சான்’. ஒருமுறை சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஊறுகாயையும் கடலையையும் எடுத்துச் சாப்பிடலாம். அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.